முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை... டைக்ளோஃபெனாக் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

``அண்ணே, முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க...''

``இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. போன தடவை குடுத்தீங்களே, அதே மாத்திரை இருக்கா?''

எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் சாயங்கால நேரத்தில் பத்து நிமிடம் நின்றால் இந்தக் குரல்களைக் கேட்கலாம். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்து, சின்ன கவரில் போட்டுக் கொடுப்பார். மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையில் இருக்கும் மீதி அட்டையிலேயே தங்கிவிடும். என்ன மாத்திரை என்று வாங்கியவருக்குத் தெரியாது. வலி போனது மட்டும்தான் தெரியும். அடுத்த முறை வலித்தால் அதே கடை, அதே மாத்திரை.

அப்படிக் கைமாறும் மாத்திரைகளில் மிகவும் பரிச்சயமானது டைக்ளோஃபெனாக். நல்ல மருந்துதான். பல் பிடுங்கிய வலி, சுளுக்கு, சிறுநீரகக் கல் வலி, திடீரென்று வீங்கும் மூட்டு என்று பல இடங்களில் மருத்துவர்களே நம்பி எழுதித் தரும் மருந்து. ஆனால், அது வலிக்கும் இடத்துக்கு மட்டும் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புவதில்லை. வயிறு, சிறுநீரகம், இதயம் என எல்லா இடத்துக்கும் போகிறது. அங்கெல்லாம் என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால், யார் போடலாம், யார் போடக் கூடாது, எத்தனை நாள் போடலாம் என்ற கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

வலி எப்படிக் குறைகிறது?

சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனம் உருவாக்கிய டைக்ளோஃபெனாக், 1970-களில் சந்தைக்கு வந்தது. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஐபுபுரோஃபென், நாப்ராக்ஸென், அசெக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், ஆஸ்பிரின் எல்லாம் இதே குடும்பம்தான். பாராசிட்டமால் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது.

உடம்பில் அடிபட்டாலோ, மூட்டு தேய்ந்தாலோ அந்த இடத்தில் புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாவற்றுக்கும் இதற்குப் பங்கு உண்டு. இது உருவாவதைத் தடுத்துத்தான் ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் வலியைக் குறைக்கின்றன என்பதை 1971-ல் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் கண்டறிந்தார். புராஸ்டகிளாண்டின் பற்றிய ஆய்வுக்காக 1982-ல் அவரும் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. புராஸ்டகிளாண்டின் வலியைத் தருவது மட்டுமல்ல, நல்ல வேலைகளையும் செய்கிறது. வயிற்றின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைக்கிறது. ரத்தம் உறைவதிலும் இந்தக் குடும்பத்து வேதிப்பொருள்களுக்குப் பங்கு இருக்கிறது. முட்டியில் இருப்பதை மட்டும் நிறுத்து, வயிற்றில் இருப்பதை விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. வலி குறையும்போது இந்தப் பாதுகாப்புகளும் சேர்ந்தே குறைகின்றன. இரண்டு நாள் என்றால் ஆரோக்கியமான உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இரண்டு மாதம், இரண்டு வருடம் என்றால்?

வயிறு: சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதுமா?

`வெறும் வயிற்றில் போடாதே' என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. நல்ல அறிவுரைதான். உணவுக்குப் பின் போட்டால் எரிச்சல், குமட்டல் குறையும். ஆனால், புண் வரவே வராது என்று அதற்கு அர்த்தமில்லை. மாத்திரை வயிற்றுச் சுவரில் நேரடியாகப் படுவது பாதிப்பின் ஒரு பங்குதான். ரத்தத்தில் கலந்த பிறகு வயிற்றின் பாதுகாப்புப் படலத்தையே அது குறைத்துவிடுகிறது என்பதுதான் பெரிய பங்கு.

அதனால்தான், `மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும், ஊசி போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கையும் தவறாகிவிடுகிறது. ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் மருந்து ரத்தத்துக்குத்தான் போகிறது. வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பும் கூடவே போகிறது.

முதியவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிந்தாலும் பலருக்கு வயிற்று வலியே தெரியாது. சோர்வு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல் என்று ரத்தசோகையாகத்தான் முதலில் வெளியே தெரியும். `வயசாச்சு, அதான் முடியலை' என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று போனாலோ, காபித்தூள் கரைசல் போல வாந்தி வந்தாலோ அது உள்ளே ரத்தம் கசிவதற்கான அடையாளம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும் என்பதால் குழப்பம் வரலாம். வலி மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மருத்துவமனைக்குப் போய்விடுவதே நல்லது.

``கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கிறேனே?'' என்பார்கள் சிலர். பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகள் வயிற்றுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு தருகின்றன. வயதானவர்களுக்கு வலி மாத்திரை எழுதும்போது மருத்துவர்கள் இதையும் சேர்த்து எழுதுவது அதற்காகத்தான். ஆனால், அந்தப் பாதுகாப்பு வயிற்றோடு சரி. சிறுநீரகத்தையும் இதயத்தையும் கேஸ் மாத்திரை காப்பாற்றாது.

சிறுநீரகம்: சத்தமில்லாமல் நடக்கும் சேதம்

வயிறு எரிச்சலாவது காட்டும். சிறுநீரகம் அதையும் காட்டாது. பெரும்பகுதி பழுதாகும் வரை வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். கால் வீங்கி, பசி போய், மூச்சு வாங்கி மருத்துவமனைக்கு வரும்போதுதான் கிரியாட்டினின் எகிறியிருப்பது தெரியவரும். சிறுநீரக மருத்துவர்கள் புதிய நோயாளியிடம் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ``வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுற பழக்கம் இருக்கா?''

உடம்பில் நீர் குறையும்போதுதான் சிறுநீரகம் புராஸ்டகிளாண்டினை அதிகம் நம்பியிருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்தாலும், அதுதான் குழாயை விரித்து வைத்துச் சமாளிக்கிறது. அந்த நேரம் பார்த்து வலி மாத்திரை போட்டால், கடைசியாக இருந்த துணையும் போய்விடுகிறது.

இப்படி நடக்கும் சூழ்நிலைகள் நம் ஊரில் ஏராளம். சித்திரை வெயிலில் நாள் முழுக்க வயலிலோ, கட்டட வேலையிலோ நின்றுவிட்டு, உடம்பு வலிக்கு இரவில் ஒரு மாத்திரை. வாந்தி, வயிற்றுப்போக்கோடு உடம்பு வலியும் சேர்ந்துகொண்டதால் ஒரு மாத்திரை. பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வேலை முடிந்து மது குடித்துவிட்டு, அதன்மேல் ஒரு மாத்திரை என்றால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு கூட்டணி வீட்டு மருந்துப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், லோசார்டன், எனாலபிரில், ராமிபிரில் போன்ற மாத்திரைகளைப் பலர் தினமும் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு அதோடு சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரையும் உண்டு. இந்த இரண்டோடு மூன்றாவதாக டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால், சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் அபாயம் கூடுகிறது. போதாததற்கு, வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். `மாத்திரை சாப்பிட்டும் பி.பி. குறையலையே' என்று புலம்புகிறவர்கள், முட்டி வலிக்கு என்ன சாப்பிடுகிறோம் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கழுகுகள் சொன்ன பாடம்

இந்த மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதை உலகுக்கே உணர்த்தியவை பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள். 1990-களில் இந்தியா முழுவதும் இவை கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு கழுகு, 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோனது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

2004-ல் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது. மாடுகளுக்கு வலி, வீக்கத்துக்காக டைக்ளோஃபெனாக் ஊசி போட்டிருந்தார்கள். அந்த மாடு இறந்தபோது அதன் இறைச்சியில் மருந்து மிச்சமிருந்தது. அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து சில நாள்களில் செத்துப்போயின.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவதை 2006-ல் இந்தியா தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகளை வாங்கி மாடுகளுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-ல் மனிதர்களுக்கான ஊசி மருந்தையும் ஒரு டோஸ் அளவான 3 மி.லி. குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் அசெக்ளோஃபெனாக்குக்கும், கீட்டோபுரோஃபெனுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் 2023-ல் தடை வந்தது. நீலகிரி மாவட்டத்தின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் மிச்சமிருக்கும் பாறுகளைக் காப்பாற்ற இந்தத் தடைகள் முக்கியம். மாடு வளர்ப்பவர்கள், மனிதர்களுக்கான வலி ஊசியை மாட்டுக்குப் போடச் சொல்லவே கூடாது. கழுகுகளைப் பாதிக்காத மெலாக்ஸிகம் என்ற மாற்று மருந்து கால்நடை மருத்துவர்களிடம் இருக்கிறது.

மனிதச் சிறுநீரகம் கழுகின் சிறுநீரகம் அளவுக்கு இந்த மருந்துக்குப் பலவீனமானதல்ல. அதனால், ஒரு மாத்திரை போட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் உள்ளவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதயம்: பலருக்கும் தெரியாத பக்கம்

ரோஃபெகாக்ஸிப் என்ற வலி மாத்திரை, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவது தெரியவந்ததால் 2004-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு இந்தக் குடும்பத்தின் மற்ற மருந்துகளின் மீதும் பார்வை திரும்பியது. டைக்ளோஃபெனாக்குக்கும் ரோஃபெகாக்ஸிப் வகை மாத்திரைகளைப் போன்ற இதய அபாயம் இருக்கிறது, குறிப்பாக அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிடும்போது, என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் அறிவித்தது. இதயம் பலவீனமானவர்கள், மாரடைப்போ, பக்கவாதமோ வந்தவர்கள் டைக்ளோஃபெனாக் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னது. ஆஸ்பிரின் அல்லாத இந்த வகை மாத்திரைகளில், சாப்பிடத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே அபாயம் வரலாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவார்கள். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினின் பலனை ஐபுபுரோஃபென் குறைத்துவிடவும் கூடும்.

இன்னொன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இடது தோள், கை, தாடை, மேல் முதுகில் வரும் வலி எல்லாமே தசைப்பிடிப்பு அல்ல. வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் பாரம், குமட்டல் ஆகியவற்றோடு அந்த வலி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டுப் படுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைக்கு இழப்பு. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

பெயர் பல... மருந்து ஒன்று!

வோவெரான் என்ற பெயரில் இருப்பது டைக்ளோஃபெனாக். ஜீரோடால்-பி என்பதில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் இருக்கின்றன. காம்பிஃப்ளாம் என்பது ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும். மெஃப்டால் ஸ்பாஸில் இருப்பது மெஃபனாமிக் ஆசிட்டும் டைசைக்ளோமினும். கடையில் பார்த்தால் நான்கும் வேறு வேறு அட்டை. உள்ளே நான்கிலும் ஒரே குடும்பத்து மருந்து.

எலும்பு மருத்துவர் முட்டிக்கு ஒன்று எழுதியிருப்பார். பல் மருத்துவர் பல்லுக்கு ஒன்று எழுதியிருப்பார். காய்ச்சலுக்கு வீட்டில் இருந்த ஒன்றையும் போட்டுக்கொள்வார்கள். மூன்று மருந்து சாப்பிடுவதாக நினைப்பு. உண்மையில், ஒரே வகை மருந்தை மூன்று மடங்கு சாப்பிட்டிருப்பார்கள். இந்தக் குடும்பத்தின் இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. பக்கவிளைவுதான் கூடும். கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலும் அப்படித்தான். தனியாக ஒன்று, கூட்டு மாத்திரையில் ஒன்று என்று அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் அருகே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். படிக்க வேண்டியது அதைத்தான். `ஃபெனாக்' என்று முடிந்தாலோ, `புரோஃபென்' என்று முடிந்தாலோ அது இந்தக் குடும்பம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

லேபிளே இல்லாத பொடி, லேகியம், உருண்டை விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. `ஒரே வாரத்துல மூட்டு வலி போயிடும்' என்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டும் வலி மாத்திரைத் தூளும் கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர் தரும் மருந்து வேறு. சந்தையில் பெயரில்லாமல் விற்கும் பொட்டலம் வேறு.

யாரெல்லாம் தானாக வாங்கிப் போடவே கூடாது?

* வயிற்றுப் புண், வயிற்றில் ரத்தக்கசிவு முன்பு வந்தவர்கள்.

* சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள்.

* இதய நோய், பக்கவாதம் வந்தவர்கள். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள்.

* 65 வயதைக் கடந்தவர்கள். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள்.

* ஆஸ்துமா உள்ளவர்கள். சிலருக்கு இந்தக் குடும்பத்தின் ஒரு மாத்திரையே கடுமையான மூச்சுத்திணறலை வரவழைக்கும்.

* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், லித்தியம், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் சாப்பிடுபவர்கள்.

* கர்ப்பிணிகள். 20-வது வாரத்துக்குப் பிறகு இந்த மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய முக்கியமான ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

* குழந்தைகள். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. இதே குடும்பத்தின் நிமிசுலைடை 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்க 2011-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது.

காய்ச்சலுக்குப் போடலாமா?

மழைக்காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: கூடாது. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். அப்போது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து அதிகமாகும். எலிக்காய்ச்சல் என்றால் கிருமியே சிறுநீரகத்தைத் தாக்கும். அதோடு வலி மாத்திரையும் சேரக் கூடாது. உடம்பே அடித்துப்போட்ட மாதிரி வலித்தாலும், என்ன காய்ச்சல் என்று தெரியும் வரை பாராசிட்டமால், நிறைய நீராகாரம், ரத்தப் பரிசோதனை, இவ்வளவுதான். காய்ச்சலுக்கு `ஒரு ஊசி போடுங்க' என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும்.

மாதவிடாய் வலிக்கு?

மாதவிடாய் வலிக்குக் காரணமே கருப்பையில் கூடுதலாகச் சுரக்கும் புராஸ்டகிளாண்டின்தான். அதனால் மெஃபனாமிக் ஆசிட், ஐபுபுரோஃபென் போன்றவை இங்கே சரியான மருந்துகள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. மேலே சொன்ன பிரச்னைகள் எதுவும் இல்லாதவர்கள், மருத்துவர் சொன்ன அளவில், உணவுக்குப் பின், இரண்டு மூன்று நாள்கள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

மெஃபனாமிக் ஆசிட் அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. தோல் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் ஆகியவை மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலோ, மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ எண்டோமெட்ரியோசிஸ், கட்டி போன்ற காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டுவது அதற்குத் தீர்வல்ல.

சரியாக எப்படிச் சாப்பிடுவது?

டைக்ளோஃபெனாக், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் ஹெச் பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் எழுதித் தந்தால் கவனிக்க வேண்டியவை இவை.

* பெரியவர்களுக்கு ஒரு நாளில் அதிகபட்ச அளவு 150 மி.கி. எல்லோருக்கும் அவ்வளவு தேவைப்படாது. வலி அடங்கும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள்கள். இதுதான் இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கான பொது விதி.

* உணவுக்குப் பின், ஒரு டம்ளர் நிறைய தண்ணீருடன் விழுங்க வேண்டும். மேல்பூச்சுள்ள மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ கூடாது.

* ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

* எழுதிய நாள்கள் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வலி மிச்சமிருந்தால் பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்காமல், மருத்துவரையே பார்க்க வேண்டும்.

* தினசரி சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.

* தலைவலிக்கு மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போடுகிற நிலை தொடர்ந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

நீண்ட நாள் சாப்பிட்டே ஆக வேண்டிய மூட்டு நோய்கள் உண்டு. அவர்கள் பயந்து தாங்களாகவே நிறுத்த வேண்டாம். ரத்த அழுத்தம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், கல்லீரல் பரிசோதனைகளை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துகொண்டால் பிரச்னையை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

முட்டி வலிக்கு வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. முட்டி, கை விரல் மூட்டுத் தேய்மான வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல தொடக்கம். தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு என்பதால் மருந்து அங்கேயே வேலை செய்யும். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது மிகச் சிறிய பங்குதான். புண் உள்ள இடத்தில் தடவக் கூடாது. தடவிய இடத்தில் உடனே சுடுநீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. சிறுநீரக, இதய நோயாளிகள் ஜெல்லுக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அதைவிட நீண்ட நாள் பலன் தருவது தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, சில நொடிகள் அப்படியே பிடித்து இறக்கும் எளிய பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒரே நாளில் கற்றுத் தந்துவிடுவார். உடல் எடை குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் விழும் பாரம் குறையும். சுளுக்கு என்றால் முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடமும் ஓய்வும் பெரும்பாலும் போதும்.

உடனே மருத்துவமனை போக வேண்டிய அறிகுறிகள்

வலி மாத்திரை சாப்பிடும் காலத்தில் கறுத்த மலம், ரத்த வாந்தி, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், பேச்சு குழறுதல், முகம் உதடு வீங்குதல், தோலில் கொப்புளம், கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைந்து கால் வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போக வேண்டும். மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் பொதுமக்களே தெரிவிக்கலாம்.

வலி என்பது உடம்பு அனுப்பும் தகவல். இரண்டு நாள் தகவலை மாத்திரையால் அடக்கலாம். மாதக்கணக்கில் வரும் தகவலை அடக்கிக்கொண்டே இருந்தால், என்ன சொல்ல வந்தது என்பதே தெரியாமல் போய்விடும். இன்றே வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, பெயர் தெரியாத துண்டு மாத்திரைகளை எல்லாம் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ``வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க... எத்தனை நாளா?''